அலங்காரத் துவக்குகளும் பீரங்கிகளும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பப்பா திருகோணமலையில் நகை வேலை செய்தவர். தாலி, காப்பு, தோடு என்று போய்க்கொண்டிருந்த பட்டறைக்கு ஒருநாள் தம்பலகாமத்துக் காணிக்காரர் ஒருவர் துணியில் சுற்றிய ஒரு துவக்கோடு வந்தார். இங்கிலாந்தில் செய்த இரட்டைக்குழல் வேட்டைத் துவக்கு. அதன் சோங்கில், அதாவது தோளில் ஏந்தும் மரத்தில், நீள்வட்டமாக ஒரு வெள்ளித் தகடு பதித்து, தன் பெயரின் முதலெழுத்துகளை அதில் வெட்டித் தர வேண்டும் என்று கேட்டார். அப்பப்பா இரண்டு நாள் வேறு வேலையைத் தொடவில்லை. தகட்டின் அளவுக்கு மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி, வைத்துப் பார்த்து, மறுபடி தோண்டி, கடைசியில் விரலால் தடவினால் மரம் எங்கே முடிகிறது, வெள்ளி எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி இறக்கினார். பக்கத்தில் இருந்த நான், "வெள்ளி வச்சா நல்லாச் சுடுமோ?" என்று கேட்டேன். "சுடுறதுக்கில்ல பிள்ளை. நாலு பேர் காணுறதுக்கு" என்றார்.

பழைய ஆயுதங்களை இன்றும் அந்தப் பட்டறைக் கண்ணால்தான் பார்க்கிறேன். கோட்டைக்குக் கூட்டிப்போகும் பிள்ளைகளும், விடுமுறைக்கு வரும் சொந்தக்காரர்களும், வீட்டுப் பரணில் ஏதோ கிடக்கிறது என்று வந்து கேட்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

சுடுகிற சாமானுக்கு எதற்கு இத்தனை அலங்காரம்?

ஒரு துவக்கு வேலை செய்ய ஒரு குழலும், மருந்தில் நெருப்பு வைக்கும் பொறியும், தோளில் ஏந்த ஒரு மரமும் போதும். பொன் பதித்த குழலிலிருந்து வரும் குண்டு வெறுங்குழலின் குண்டைவிட ஆழமாகப் பாய்வதில்லை. ஆகவே அலங்காரம் எதிரியைப் பார்த்துச் செய்யப்பட்டதல்ல. சபையில் நிற்பவர்கள், ஊர்வலத்தை வேடிக்கை பார்ப்பவர்கள், விருந்துக்கு வந்த இன்னொரு அரசன், இவர்கள் கண்ணுக்காகச் செய்யப்பட்டது. இப்படியொரு துவக்கை உடையவர் பெரும்பாலும் அதைத் தானே சுமந்து திரியவும் மாட்டார். பின்னால் ஒருவர் ஏந்தி வருவார்.

ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் வந்த சக்கரப்பொறித் துவக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்திய திரித் துவக்கில் கனன்றுகொண்டிருக்கும் ஒரு கயிற்றுத் திரியை எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டும். சக்கரப்பொறியில் மணிக்கூடுபோல ஒரு வில்லைச் சாவியால் முறுக்கி விட்டால், விசையை இழுத்ததும் உருக்குச் சக்கரம் சுழன்று தாதுக்கல்லில் உரசித் தீப்பொறி பறக்கும். நுட்பமான வேலை என்பதால் விலை கூடியது. சாதாரணப் படைவீரன் திரித் துவக்கோடேயே இருந்தான். சக்கரப்பொறி பிரபுக்களின் வேட்டைக்கும் அவர்களுடைய குதிரைப்படைக்கும் போனது. ஒரு கொல்லர் குழல் அடிப்பார், இன்னொருவர் பொறி செய்வார், மரத்தில் மான்கொம்பும் சிப்பியும் பதிக்க வேறொருவர். இத்தனை பேரையும் வேலைக்கு வைக்க முடிந்தவன் நான் என்பதைத்தான் அந்தத் துவக்கு வாய்திறக்காமல் சொன்னது.

முகலாயப் பேரரசர் அக்பர் தனக்குப் பிடித்த துவக்குக்குச் சங்கிராம் என்று பெயர் வைத்திருந்தார். 1568இல் சித்தூர்க் கோட்டை முற்றுகையில் கோட்டைத் தலைவன் ஜெய்மாலை அந்தத் துவக்கால் சுட்டதாக அவருடைய அரசவை வரலாறு பதிந்திருக்கிறது. பட்டத்து யானைக்குப் பெயர் வைப்பதுபோலத் துவக்குக்கும் பெயர். பெயர் வைத்தபின் அது சாமான்களின் கூட்டத்தில் சேராது.

துவக்கா, துப்பாக்கியா? பீரங்கி என்ற சொல் எங்கிருந்து வந்தது?

இரண்டும் ஒன்றுதான். துருக்கியில் துபெக் என்று வழங்கும் சொல்லின் வழியாக வந்தவை. தமிழ்நாட்டில் துப்பாக்கி என்று நின்றது, நாங்கள் துவக்கு என்கிறோம், சிங்களத்தில் துவக்குவ. இந்த ஒரு சொல்லில் எங்கள் பேச்சும் சிங்களப் பேச்சும் தமிழ்நாட்டைவிட நெருக்கமாக இருப்பதை நான் எப்போதும் கவனித்துச் சொல்வேன், ஏனென்றால் சொல்லோடு தொழிலும் சேர்ந்துதான் ஊர் ஊராகப் போயிருக்கிறது.

பீரங்கி, பறங்கி இரண்டும் ஒரே வேர். மேற்கத்தியரைப் பாரசீகர் ஃபரங்கி என்றார்கள். ஆளுக்குப் பெயர் பறங்கி ஆயிற்று, அவன் கொண்டுவந்த ஆயுதத்துக்குப் பீரங்கி ஆயிற்று. எங்கள் ஊர்ப் பிரெட்ரிக் கோட்டை வாசல் கல்லில் இரட்டை மீனோடு சிதைந்த ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. குளக்கோட்டன் என்ற பழைய அரசன் செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிப்பான் என்று அதைப் படிப்பார்கள். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையே கோட்டை கட்ட எடுத்தார்கள். பறங்கி என்ற சொல்லை அந்த வாசலில் நின்று வாசிக்கும்போது, பக்கத்தில் கிடக்கும் பீரங்கியின் பெயரும் அதே சொல்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஒருமுறை கேட்டால் மறக்க மாட்டார்கள்.

இலங்கையில் துவக்கு செய்தார்களா, இல்லை எல்லாமே இறக்குமதியா?

செய்தார்கள். நன்றாகச் செய்தார்கள். என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் நான் அதிகம் ஆசையோடு பதில் சொல்வது இதற்குத்தான்.

1505இல் போர்த்துக்கேயர் கொழும்பில் வந்து இறங்கிய செய்தியை அரசனுக்கு எப்படிச் சொன்னார்கள் என்று ராஜாவலிய என்ற சிங்கள வரலாறு கூறுகிறது. கல்லைத் தின்று இரத்தத்தைக் குடிக்கிறார்கள் என்றார்களாம். பாணையும் வைனையும் முன்பின் கண்டிராத கண்கள். அவர்களுடைய பீரங்கியின் சத்தம் இடியைவிடப் பெரிது, அதன் குண்டு காததூரம் பறந்து கற்கோட்டையையும் உடைக்கும் என்றும் சொன்னார்கள். நூறு வருடம்கூட ஆகவில்லை, கதை மாறிவிட்டது. கோவாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒல்லாந்தர் லின்ஸ்கோட்டன் 1596இல் அச்சிட்ட தன் பயண நூலில், இலங்கையர் செய்யும் துவக்குக் குழல்கள் எங்கும் காணாத அளவு அழகானவை, வெள்ளிபோல மின்னுபவை என்று எழுதுகிறார். அச்சத்தோடு பார்த்த சாமானை நம் கொல்லர்கள் பிரித்துப் பார்த்து, புரிந்துகொண்டு, தங்கள் கைப்பழக்கத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

அப்படி உருவான துவக்கை எந்த நாட்டு நூதனசாலையில் வைத்தாலும் தூரத்திலிருந்தே சொல்லலாம், இது எங்கள் தீவினது என்று. முதலாவது, பொறி இடப்பக்கம் இருக்கும். ஐரோப்பியத் துவக்குகளில் அது வலப்பக்கம். இரண்டாவது, சோங்கு. தோளில் வைக்கும் முனை இரண்டாகப் பிரிந்து, சுருண்ட இலைபோலக் கீழே வளையும். மூன்றாவது, வெறும் இடமே இருக்காது. மரத்தில் கொடிச் செதுக்கு ஓடும். சிங்களக் கைவினைஞர் அதை லியவெல என்பார்கள். கொடியின் நடுவே தந்தமோ கொம்போ வெட்டிப் பதித்திருக்கும், அதைச் சுற்றி வெள்ளித் தகடு. குழலிலும் வெள்ளி, பித்தளைக் கொடிகள். அதே கொடியைக் கண்டிக் காலத்துத் தந்தப் பெட்டியிலும், கோயில் கதவிலும், வெற்றிலைத் தட்டிலும் காண்பீர்கள். வெளியிலிருந்து வந்த யந்திரத்துக்கு உள்ளூர்ச் சட்டை போட்டு, இது எங்களுடையது என்று ஆக்கிக்கொண்டார்கள்.

கண்டி அரசவைக்குச் சொந்தப் பட்டறைகள் இருந்தன. பட்டல் ஹதர, அதாவது நான்கு பட்டறைகள் என்று பெயர். பொன்வாள், அணிகலன், கிரீடம், அரியணை என்று வேலை பிரிந்திருந்தது. 1908இல் ஆனந்த குமாரசுவாமி இந்தக் கைவினைஞரைப் பற்றி எழுதி வைத்திராவிட்டால் பல சொற்கள் நமக்குக் கிடைத்திருக்காது. 1739இலிருந்து 1815வரை கண்டியை ஆண்டவர்கள் மதுரைப் பக்கத்து நாயக்கர் வழியினர் என்பதையும் சேர்த்து நினையுங்கள். அந்த அரசவையில் தமிழ் புழங்கியது. ஆகவே இந்தத் துவக்குகளை வெறுமனே அந்தப் பக்கத்துச் சாமான் என்று தள்ளிவிட்டுப் போகும் நம்மவர்களைக் கண்டால் எனக்கு மனவருத்தமாக இருக்கும்.

இரும்பிலே வெள்ளி எப்படி ஒட்டி நிற்கிறது?

ஒட்டுவதில்லை, கவ்வ வைப்பார்கள். உளியால் இரும்பில் கோடு வெட்டும்போது, அடி அகலமாகவும் வாய் ஒடுக்கமாகவும் வெட்ட வேண்டும். பிறகு மென்மையாக்கிய வெள்ளிக் கம்பியை அந்தக் கோட்டில் வைத்துச் சுத்தியலால் தட்டினால், வெள்ளி அடியில் பரந்து அகப்பட்டுக்கொள்ளும். மேலே அரத்தால் ராவி மட்டம் செய்தால் முடிந்தது.

இன்னொரு வழியும் உண்டு. இரும்பின் மேற்பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாக மிக நெருக்கமாகக் கீறிச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் மெல்லிய பொன் கம்பியை வைத்து அடிப்பது. வட இந்தியாவில் இதைக் கோஃப்த்கரி என்பார்கள். முதல் வழியில் வெள்ளி ஆழமாக நிற்கும். நூறு வருடம் துடைத்தாலும் போகாது. இரண்டாவதில் பொன் குறைவாகச் செலவாகும், ஆனால் தேயும். தேய்ந்த இடத்தில் அந்தக் குறுக்குக் கீறல்கள் தெரியும். அப்பப்பா இப்படியொரு பழைய வாள்பிடியைக் கையில் எடுத்ததும் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தேய்ந்த இடம் எங்கே என்று பார்த்தால், எடுத்தவர்கள் எந்த இடத்தில் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியும். பிடியிலே தேயாமல் மற்ற இடத்தில் மட்டும் துடைத்துத் தேய்ந்திருந்தால், அது காட்சிக்கே இருந்த சாமான்.

லெவுகே பீரங்கி என்று செய்தியில் வந்ததே, அது என்ன?

அலங்கார ஆயுதம் என்றால் என்ன என்று கேட்பவருக்கு ஒரே ஒரு பொருளைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். லெவுகே திசாவை என்ற கண்டிப் பிரபு 1745-46இல் கண்டி மன்னருக்குக் கொடுத்த சிறு பீரங்கி. வெண்கலக் குழலில் பொன்னும் வெள்ளியும் சிவப்புக் கல்லும் இழைத்தது. சூரியன், பிறைச்சந்திரன், சிங்கம் ஆகிய அரச சின்னங்கள் அதில் உண்டு. ஒரு பிரபு தன் அரசனுக்குப் பீரங்கியைப் பரிசாகக் கொடுக்கிறான், அதுவும் நகைபோலச் செய்து. என் செல்வம் இவ்வளவு என்றும், அது உன் காலடியில் என்றும் ஒரே பொருளால் சொல்லிவிடுகிறான்.

அது நாட்டைவிட்டுப் போன கதையில் எங்கள் துறைமுகத்துக்கும் ஓர் இடமுண்டு. ஒல்லாந்தருக்கும் கண்டிக்கும் சண்டை மூண்டிருந்த நேரம், 1762இல், ஜோன் பைபஸ் என்ற ஆங்கிலத் தூதர் சென்னையிலிருந்து திருகோணமலைக்கு வந்து இறங்கி, கண்டிக்குப் போய் மன்னர் கீர்த்தி சிறீ இராஜசிங்கனைச் சந்தித்தார். அவரை முழங்காலில் நிற்க வைத்தது பற்றி அவரே குறைப்பட்டு எழுதியிருக்கிறார். அந்தச் சந்திப்பால் ஆங்கிலேயருக்கு ஒன்றும் கைகூடவில்லை, ஒல்லாந்தரின் சந்தேகம்தான் கூடியது. 1765இல் ஒல்லாந்து ஆளுநர் வான் எக்கின் படை கண்டி அரண்மனைக்குள் புகுந்து கொள்ளையடித்தது. அதில் போனதுதான் இந்தப் பீரங்கி. அடுத்த வருடம் செய்த உடன்படிக்கையில் தீவின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தருக்குப் போயிற்று.

கொள்ளையடித்த பீரங்கியை அவர்கள் உருக்கிப் பொன்னாக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நெதர்லாந்து ஆட்சியாளரின் சேகரிப்புக்கு அனுப்பினார்கள். பிறகு ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் நூதனசாலையில் இருந்தது. கண்டியில் மன்னனின் பெருமையாக இருந்தது, அங்கே போய் அவனை வென்றதன் அடையாளமாயிற்று. பொருள் மாறவில்லை, வைத்திருக்கும் கை மாறினால் அது சொல்லும் கதை தலைகீழாகிவிடுகிறது. 2023இல் நெதர்லாந்து அரசு இதைத் திருப்பித் தர முடிவுசெய்து, அந்த டிசம்பரில் கொழும்பில் கையளித்தது. கூடவே வந்தவை மகா துவக்கு எனப்படும் இரண்டு பெரிய துவக்குகள், பொன்னாலும் வெள்ளியாலும் அலங்கரித்த இரண்டு கஸ்தான வாள்கள், ஒரு கத்தி. மொத்தம் ஆறு. 258 வருடம் கழித்து வீட்டுக்கு வந்திருக்கின்றன. செய்தியைப் படித்த அன்று அப்பப்பா இல்லையே என்றுதான் நினைத்தேன்.

திப்பு சுல்தானின் புலித் துவக்குகளுக்கும் எங்கள் ஊருக்கும் தொடர்பு உண்டா?

ஒரு ஆள் வழியாக உண்டு. திப்பு தன் சீரங்கப்பட்டணத்தில் செய்வித்த துவக்குகளில் புலிவரி ஓடும், புலித்தலை எட்டிப் பார்க்கும். அவருடைய பீரங்கிகள் சிலவற்றின் வாயே புலியின் வாய். ஐரோப்பிய முறைப் பொறிகளைத் தன் நாட்டிலேயே செய்ய முடியும் என்று காட்டுவதில் அவர் பிடிவாதமாக இருந்தார். 1799 மே 4ஆம் தேதி கோட்டை விழுந்து அவர் இறந்ததும், ஆயுதங்கள் வெற்றிப் பரிசாகப் பிரிக்கப்பட்டு இங்கிலாந்துக்குப் போயின.

அந்தப் படையில் இருந்து, பிறகு சீரங்கப்பட்டணத்துக்கே பொறுப்பாக நின்றவர் ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்காலத்து வெலிங்டன் பிரபு. 1800 இறுதியில் அவர் திருகோணமலைக்கு வந்தார். பிரெட்ரிக் கோட்டைக்குள் அவர் தங்கியதாகச் சொல்லப்படும் வீடு இன்றும் இருக்கிறது, முற்றத்தில் மான்கள் மேயும்.

எங்கள் கோட்டையில் கிடக்கும் பீரங்கிகளில் ஏன் ஒரு பூவேலைகூட இல்லை?

அவை வேலைக்கு வந்த சாமான்கள். இரும்பு வார்ப்பு மலிவு, நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டது. வெண்கலம் விலை கூடியது. வெண்கலப் பீரங்கியில்தான் கொடியும் சின்னமும், தூக்குவதற்கு மீன் வடிவப் பிடிகளும் வைப்பார்கள். பிரான்சின் 14ஆம் லூயி தன் வெண்கலப் பீரங்கிகளில் "அரசர்களின் கடைசி வாதம்" என்று லத்தீனில் பொறிக்க வைத்தார்.

ஆனாலும் இரும்புப் பீரங்கியும் பேசும். கையால் தடவித் தேடுங்கள். வி எழுத்தின் இரு கால்களிலும் ஓவும் சியும் மாட்டியிருந்தால் அது ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி. மேலே ஏ இருந்தால் ஆம்ஸ்டர்டாம் கிளை. முடியும் அதன்கீழ் ஜி ஆர் என்ற எழுத்துகளும் இருந்தால் ஜோர்ஜ் மன்னர் காலத்துப் பிரித்தானியப் பீரங்கி. பின்புறத்தில் மூன்று எண்கள் வெட்டியிருந்தால் அது எடை. 24-2-14 என்றால் 24 அந்தர், 2 கால் அந்தர், 14 றாத்தல். ஒரு அந்தர் 112 றாத்தல் ஆகையால் மொத்தம் 2758 றாத்தல், அதாவது சுமார் 1250 கிலோ. அந்தர் கணக்கில் நெல் விற்ற எங்கள் பெரியவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொன்னால் வெயிலையும் மறந்து போடுவார்கள்.

இந்தத் துறைமுகத்துக்காக எத்தனை சண்டை! 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர், அதே ஆகஸ்டில் சுஃப்ரன் தலைமையில் பிரெஞ்சுக்காரர். மறுபடி ஒல்லாந்தர், 1795இல் திரும்ப ஆங்கிலேயர். கொடி மாறுகிற ஊரில் பீரங்கியைச் சுவரில் ஏற்ற நேரமிருந்ததே தவிர அலங்கரிக்க நேரமில்லை.

தமிழ் அரசர்களிடம் பெருமைக்குரிய பீரங்கி ஏதும் இருந்ததா?

தஞ்சாவூர் கீழவாசல் பீரங்கி மேட்டில் இருக்கிறது. இரகுநாத நாயக்கர் காலத்தது, 17ஆம் நூற்றாண்டு. ஏறக்குறைய 8 மீட்டர் நீளம், 22 தொன் எடை. வார்த்ததல்ல, இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் உலையில் காய்ச்சி அடித்தே ஒன்றாக்கியிருக்கிறார்கள். அங்கே அளவே அலங்காரம்.

வன்னியில் கதை வேறு மாதிரி. 1803 ஆகஸ்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தபோது பிரித்தானியரின் பீரங்கிகளையும் கைப்பற்றினான். எதிரியின் பீரங்கியை எடுப்பது எதிரியின் குரலை எடுப்பது மாதிரி. அதனால்தான் மற்ற எல்லாம் மறந்தாலும் அது மக்கள் நினைவில் நிற்கிறது.

குரல் என்றதும் இன்னொன்று. பிரித்தானிய ஆட்சியில் இந்திய மன்னர்களின் தகுதியை வரவேற்பு வேட்டுகளின் எண்ணிக்கையால் அளந்தார்கள். ஐதராபாத், மைசூர் போன்ற ஐந்து அரசுகளுக்கு 21, திருவிதாங்கூருக்கு 19, புதுக்கோட்டைக்கு 11.

பிரித்தானியர் காலத்தில் எங்கள் ஆட்களிடம் துவக்கு இருந்ததா?

இருந்தது, ஆனால் லைசன்சோடு. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டம் வந்தபின் துவக்கைவிட அந்தக் கடதாசியே பெரிய மரியாதை. யானையும் பன்றியும் வயலுக்குள் இறங்கும் தம்பலகாமம், கொட்டியாரம், கட்டுக்குளப் பற்றுப் பக்கங்களில் துவக்கு தேவைக்குரிய சாமான்தான். ஆனால் ஒரே தேவைக்கு ஏழை உள்ளூரில் அடித்த இடியன் துவக்கை வைத்திருப்பார், காணிக்காரர் ஆங்கிலேயத் துவக்கை வைத்திருப்பார். இடியனில் மருந்தை வாய்வழி போட்டு இடிக்க வேண்டும், பெயரும் அதனால்தான். ஆங்கிலேயத் துவக்கில் பொறியின் இருபக்கத் தகட்டிலும் நுண்ணிய கொடிச் செதுக்கு இருக்கும். விலை கூடக் கூடச் செதுக்கும் நெருக்கமாகும். அப்பப்பாவிடம் வந்தது நடுத்தர விலைத் துவக்கு என்று நினைக்கிறேன், செதுக்கு ஓரங்களில் மட்டுமே இருந்தது. வெள்ளித் தகடு அந்தக் குறையை நிரப்பத்தான்.

யுத்தம் கண்ட ஊரில் துவக்கை அழகு என்று சொல்லலாமா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். நியாயமான கேள்வி. எங்கள் இளமையில் துவக்கு என்பது சோதனைச் சாவடியில் நெஞ்சுக்கு நேரே நின்றது. அதைக் கையில் ஏந்தியவன் எந்தப் பக்கத்தவனானாலும் பத்தொன்பது வயதுப் பையனுக்குக்கூட வீட்டுப் பெரியவர் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. அந்தத் துவக்குகளில் ஒரு பூவும் இல்லை. கறுப்பு இரும்பும் தகரமும்தான். ஆனால் அவையும் அதிகாரத்தின் அடையாளமாக வேலை செய்தன. சுடாமலே வேலை செய்தன.

வெள்ளித் தகடு பதித்த அந்த வேட்டைத் துவக்கு என்ன ஆயிற்று என்று பிற்காலத்தில் விசாரித்தேன். நிலைமை மோசமான வருடங்களில், வீட்டில் துவக்கு இருப்பதே ஆபத்து என்று அந்தக் குடும்பம் அதை ஒப்படைத்துவிட்டது. திரும்பி வரவில்லை. கொடுத்ததற்கு அவர்கள் வருத்தப்படவில்லை, பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள் என்றார்கள். எனக்கு அந்த இரண்டு நாள் வேலை மனதில் நிற்கிறது. செதுக்கியவனின் கையை நான் மதிக்கிறேன்; அந்தக் கை எதன்மேல் பூ வைக்க வேண்டியிருந்தது என்பதையும் மறக்க முடியாது. இரண்டையும் ஒன்றாகவே பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

வீட்டில் பழைய துவக்கு கிடக்கிறது. என்ன செய்வது?

முதலில் கை வைக்காதீர்கள். பழைய துவக்குக்குள் மருந்தும் குண்டும் இருந்தபடியே கிடப்பது உண்டு. காலம் போனாலும் கருமருந்து காய்ந்திருந்தால் பற்றும். வாயை யார் பக்கமும் திருப்பாமல், விசையைத் தொடாமல், பொலிசுக்கு அறிவியுங்கள். லைசன்ஸ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். பழசு என்று நாங்களே முடிவுசெய்தால் சட்டம் விடாது. வேட்டைத் துவக்கு அனுமதி பற்றிக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கேட்கலாம்.

அடுத்தது தொல்பொருள் சட்டம், 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். 1815 மார்ச் 2ஆம் தேதிக்கு, அதாவது கண்டி உடன்படிக்கை நாளுக்கு, முந்திய பொருளென்றால் அது தொல்பொருள். தொல்பொருள் திணைக்கள அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. கனடாவிலிருந்து வரும் மருமகன் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகட்டும் என்று யாரும் எண்ண வேண்டாம். தந்தம் பதித்திருந்தால் வெளிநாட்டுச் சுங்கத்திலும் பெரிய சிக்கல் வரும்.

அப்புறம், தயவுசெய்து மினுக்காதீர்கள். என் உறவினர் ஒருவர் பூட்டன் காலத்துப் பித்தளைப் பிடி ஒன்றைப் பசை போட்டு ஒரு பின்னேரம் முழுக்கத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் காட்டினார். அதிலிருந்த எழுத்து பாதி போய்விட்டது. செய்தவனின் பெயராக இருந்திருக்கும். மென்மையான காய்ந்த துணியால் தூசி தட்டினால் போதும்.

கடையில் பழைய துவக்கு என்று விற்கிறார்கள். நிஜமா?

பெரும்பாலும் இல்லை. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் துவக்குப் பொறியில் 1808வரை இருதய வடிவ முத்திரையும், அதன் பிறகு முடியை ஏந்தி நிற்கும் சிங்கமும் இருக்கும். சிங்க முத்திரையோடு 1790 என்று ஆண்டு போட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். திருகுகளைப் பாருங்கள்: பழையவை ஒன்றுபோல ஒன்று இராது. மரமும் இரும்பும் சேரும் இடத்தில் இடைவெளியை அரக்கால் அடைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். நல்ல வேலைக்காரன் அப்படி இடைவெளி விடமாட்டான்.

நேரில் எங்கே பார்க்கலாம்?

ஊரிலேயே தொடங்குங்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலும் பீரங்கிகளும் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியிலேயே இருக்கின்றன. உட்துறைமுக வீதியில் பழைய ஒல்லாந்தர் கட்டடத்தில் கடற்படை வரலாற்று நூதனசாலை இருக்கிறது. ஒஸ்டன்பேர்க் கோட்டைப் பக்கம் கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும்.

அலங்காரத் துவக்குகளுக்குக் கொழும்பு தேசிய நூதனசாலைக்குத்தான் போக வேண்டும். இரவு ரயிலில் போனால் விடியக் கொழும்பு. கண்ணாடிப் பெட்டிக்கு நேரே நிற்காமல் கொஞ்சம் இடப்பக்கமாக நின்று பாருங்கள், பொறி அந்தப் பக்கம்தான். கொடி எங்கே தொடங்குகிறது என்று விரலைக் காற்றில் ஓட்டிப் பின்தொடருங்கள். சோங்கின் சுருளில் போய் அது முடியும் இடத்தில், வெள்ளிக்கும் மரத்துக்கும் நடுவே கோடு தெரிகிறதா என்று பாருங்கள்.